கார்ல் வோஸும் பல வருஷ எக்ஸ்ரே பிலிம்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

உயிர்களில் பெரும்பிரிவுகள் எத்தனை என்று 1977 அக்டோபரில் எந்த உயிரியல் வாத்தியாரைக் கேட்டிருந்தாலும் யோசிக்காமல் இரண்டு என்று சொல்லியிருப்பார். செல்லுக்குள் உட்கரு உள்ளவை ஒரு கட்சி, இல்லாதவை இன்னொரு கட்சி. ஆலமரம், ஆடு, மனிதன், ஈஸ்ட் எல்லாம் முதல் கட்சி. பாக்டீரியா மொத்தமும் இரண்டாவது கட்சி. அடுத்த மாதமே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இருவர் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி, இரண்டு இல்லை மூன்று என்றார்கள். அந்த மூன்றாவதைத்தான் இன்று ஆர்க்கியா என்கிறோம்.

இந்தக் கதையை வழக்கமாக எப்படிச் சொல்வார்கள் என்று தெரியும். தனியாளாக ஒரு மேதை, அவர் சொன்னதை உலகம் கேட்கவில்லை, கடைசியில் உலகம் தலைகுனிந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதிதான் சரி. எனக்குத் தோன்றுவது வேறு: வோஸின் ஆதாரம் முதல் நாளிலிருந்தே வலுவானது, ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அன்று உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான், அதிலும் பாதிப் பேர் அவருடைய ஆய்வகத்துக்குள்ளேயே இருந்தார்கள். படிக்கத் தெரியாத ஆதாரத்தை ஒருவர் எதற்காக நம்ப வேண்டும்? அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய ஆய்வு வாழ்க்கையைப் பார்த்தால் நிறைய விஷயங்கள் பிடிபடுகின்றன.

எங்கிருந்து வந்தார்

1928ல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் பிறந்தவர். கல்லூரியில் படித்தது இயற்பியலும் கணிதமும். 1953ல் யேல் பல்கலைக்கழகத்தில் உயிரி இயற்பியலில் டாக்டர் பட்டம். அப்புறம் ராச்செஸ்டரில் மருத்துவம் படிக்கப் போனார், இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தார், குழந்தைகள் வார்டில் போட்ட இரண்டாம் நாளோடு அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார். 1960ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. 1964ல் சோல் ஸ்பீகல்மன் என்ற பெரிய ஆள் இல்லினாய்க்குக் கூப்பிட்டார், அதுவும் சேரும்போதே நிரந்தரப் பதவியோடு. இந்த நிரந்தரப் பதவி சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் அடுத்த பத்து வருஷம் உடனடிப் பலன் தெரியாமலேயே ஒருவர் ஒரே வேலையில் உட்கார்ந்திருக்க முடிந்ததற்கு அதுதான் அஸ்திவாரம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஓட வேண்டியிருந்தால் இந்த ஆய்வு நடந்தே இருக்காது.

அறுபதுகளின் தொடக்கத்தில் மூலக்கூறு உயிரியல் முழுக்க ஒரே பந்தயம்: மரபுக் குறியீட்டை உடைப்பது. டிஎன்ஏவில் இருக்கும் செய்தி ஆர்என்ஏவாக மாறி, மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்பட்டு, புரதமாகிறது. எந்த மூன்று எழுத்து எந்த அமினோ அமிலத்துக்கு என்பதை 1961ல் நிரன்பெர்க்கும் மத்தாயும் தொடங்கிவைத்தார்கள், ஹர் கோவிந்த் கொரானா போன்றவர்கள் சேர்ந்து 1966க்குள் 64 மூவெழுத்துக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. எல்லாரும் கை தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். வோஸ் போகவில்லை. குறியீடு என்ன என்று தெரிந்துவிட்டது, சரி, ஆனால் ஏன் இப்படி இருக்கிறது, எப்படி உருவானது? தற்செயலாக அமைந்து அப்படியே உறைந்துபோனது என்றார் டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக். வோஸுக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் செய்யும் அந்த இயந்திரமே படிப்படியாக வளர்ந்திருக்க வேண்டும், அதன் வரலாற்றைத் தோண்ட வேண்டும் என்றார். டிஎன்ஏ வருவதற்கு முன்னால் ஆர்என்ஏவே எல்லா வேலையையும் செய்திருக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர்களில் கிரிக், லெஸ்லி ஆர்கல் ஆகியோரோடு இவரும் ஒருவர்.

வரலாற்றைத் தோண்ட வேண்டுமென்றால் முதலில் வம்சாவளி வேண்டும். மிருகங்களுக்கும் செடிகளுக்கும் எலும்பு, பூ, புதைபடிவம் என்று ஏதோ இருக்கிறது. பாக்டீரியாவுக்கு? உருண்டை, குச்சி, சுருள், அவ்வளவுதான். ரோஜர் ஸ்டேனியர், வான் நீல் என்ற அந்தத் துறையின் இரண்டு பெரியவர்கள் பல வருஷம் முயற்சி செய்து பார்த்துவிட்டு, பாக்டீரியாவின் உண்மையான வம்சாவளியைக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம் என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். 1962ல் பாக்டீரியாவுக்கு அவர்கள் கொடுத்த வரையறையே பெரும்பாலும் "இல்லை"களால் ஆனது, அதாவது உட்கரு இல்லை, இந்த உறுப்பு இல்லை, அந்த உறுப்பு இல்லை. ஒன்று இல்லாதவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமாகத்தான் இருக்க வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. இப்போது பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது, ஆனால் அன்று கேட்க வழியும் இல்லை.

1969 ஜூனில் வோஸ் கிரிக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். திரும்பி வர முடியாத மாதிரி ஒரு முடிவு எடுக்கப் போகிறேன், உங்கள் யோசனையும் தார்மீக ஆதரவும் வேண்டும் என்கிற தொனியில். செல்லுக்குள்ளேயே இருக்கும் மூலக்கூறு வரிசைகளை வைத்து ஆதிகால வரலாற்றைப் படிக்கப் போகிறேன் என்பதுதான் திட்டம். இந்த யோசனை புதிதல்ல, ஸுக்கர்காண்டலும் பாலிங்கும் 1965லேயே மூலக்கூறுகள் வரலாற்று ஆவணங்கள் என்று எழுதியிருந்தார்கள். எந்த மூலக்கூறு என்பதைத் தேர்ந்தெடுத்ததில்தான் வோஸின் சாமர்த்தியம்.

அவர் எடுத்தது ரைபோசோமில், அதாவது செல்லில் புரதம் செய்யும் அந்த இயந்திரத்தில், இருக்கும் 16எஸ் ஆர்என்ஏ. ரைபோசோம் இல்லாத செல் கிடையாது. எல்லா உயிரிலும் அதற்கு ஒரே வேலை. கைக்கு அடங்காத அளவு கிடைக்கும், ஏனென்றால் செல்லில் இருக்கும் ஆர்என்ஏவில் பெரும்பகுதி ரைபோசோமுடையதுதான். வேலை முக்கியமானது என்பதால் மெதுவாகத்தான் மாறும். ரைபோசோமில் இன்னும் இரண்டு ஆர்என்ஏ உண்டு: 5எஸ்ஸில் சுமார் 120 எழுத்து, விஷயம் போதாது; 23எஸ்ஸில் சுமார் 2,900, அன்றைய கைக்கு எட்டாது. 16எஸ்ஸில் சுமார் 1,540. கஷ்டம்தான், ஆனால் முடியும்.

ஒரு பிலிம் உருவாகிற விதம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் வழக்கு முழுக்க இந்தப் பிலிமில்தான் இருக்கிறது.

இன்றைக்கு மாதிரியைக் கொடுத்தால் மறுநாள் வரிசை மின்னஞ்சலில் வருகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் 1,540 எழுத்தையும் வரிசையாகப் படிக்க வழியே இல்லை. ஃபிரெடெரிக் சாங்கர் குழு கண்டுபிடித்த ஒரு குறுக்குவழி மட்டும் இருந்தது. முதலில் நுண்ணுயிரியைக் கதிரியக்க பாஸ்பரஸ்-32 கலந்த ஊடகத்தில் வளர்க்க வேண்டும், அப்போது அதன் ஆர்என்ஏ முழுக்கக் கதிரியக்கமாகிவிடும். செல்லை உடைத்து, ஃபீனாலில் ஆர்என்ஏவைப் பிரித்து, ஜெல்லில் ஓடவிட்டு 16எஸ்ஸை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். அதில் டி1 என்ற நொதியைப் போட்டால், அது ஆர்என்ஏவின் ஏ, யூ, சி, ஜி என்ற நான்கு எழுத்துகளில் ஜி வரும் இடங்களில் எல்லாம் சரியாக அதற்குப் பின்னால் வெட்டும். ஒரு நீள வாக்கியத்தைக் காற்புள்ளி வரும் இடத்தில் எல்லாம் கத்தரித்துத் துண்டுகளைத் தட்டில் கொட்டினால் எப்படியோ அப்படி, எந்தத் துண்டு எதற்கு முன்னால் இருந்தது என்பது போய்விடும், துண்டுகள் மட்டும் மிஞ்சும்.

அந்தத் துண்டுகளை ஒரு பட்டையில் மின்சாரம் வைத்து ஒரு திசையில் ஓடவிட்டு, பிறகு பெரிய தாளுக்கு மாற்றிக் குறுக்குத் திசையில் இன்னொரு முறை ஓடவிடுவார்கள். ஆயிரக்கணக்கான வோல்ட். சூடாகாமல் இருக்க அந்தத் தாளை முக்கி வைத்திருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றக்கூடியது. கதிரியக்கம், உயர் மின்னழுத்தம், தீப்பற்றும் கரைப்பான் எல்லாம் ஒரே அறையில்! இன்றைய பாதுகாப்பு அதிகாரி யாராவது பார்த்தால் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

காய்ந்த தாளின் மேல் எக்ஸ்ரே பிலிமை வைத்து இருட்டில் சில நாள் விட்டால் கறுப்புப் புள்ளிகள் விழும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு துண்டு. எங்கே விழுந்தது என்பதை வைத்து அதில் என்னென்ன எழுத்து இருக்கும் என்று ஊகிக்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் அந்தப் புள்ளியைத் தாளிலிருந்து வெட்டியெடுத்து, வேறு நொதி போட்டு, மறுபடி ஓடவிட வேண்டும். நீளத் துண்டுகளுக்கு மூன்றாவது சுற்றும் உண்டு. ஒரு உயிரிக்கு இப்படி மாதக்கணக்கில் போகும். முடிவில் கிடைப்பது வரிசை அல்ல, ஒரு பட்டியல்: இந்த உயிரியின் 16எஸ்ஸில் இன்னின்ன துண்டுகள் உண்டு.

பட்டியலால் என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு துண்டும் ஜியில் முடியும், நடுவில் ஜி வராது, ஆகவே மற்ற இடங்களில் ஏ, யூ, சி மூன்றில் ஒன்று. ஆறெழுத்துத் துண்டு என்றால் 3 பெருக்கல் 3 என்று ஐந்து இடத்துக்குப் போட்டால் 243 வகை சாத்தியம். அதற்கு மேல் நீளம் போகப் போகச் சாத்தியம் மும்மடங்காகப் பெருகும். அதனால் ஆறும் அதற்கு மேலும் நீளமுள்ள ஒரே துண்டு இரண்டு உயிர்களில் இருந்தால் அது பெரும்பாலும் தற்செயல் இல்லை, பொதுவான மூதாதையிடமிருந்து வந்தது. இரண்டு உயிர்களின் துண்டுகளில் எவ்வளவு பங்கு பொது என்று கணக்கிட்டால் 0 முதல் 1 வரை ஒரு எண் கிடைக்கும். இந்தக் கணக்கைச் செம்மைப்படுத்தியதில் ஃபாக்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. கதையில் வோஸின் பெயர் மட்டும் நிற்கிறது என்பதால் சொல்கிறேன். அதே மாதிரி ஆய்வகத்தில் வேலை செய்த லிண்டா மாக்ரம், மிட்ச் சோகின் இருவர் கையும் இல்லாமல் அந்தப் பிலிம்கள் இல்லை.

பிலிம்களை ஒளிப்பலகையில் மாட்டி வைத்துக்கொண்டு வோஸ் நாள் முழுக்கப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, இன்றைக்கும் மூளையைப் பாழாக்கிக்கொண்டாயே என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வாராம். எழுபதுகளின் நடுவில் அவரிடம் சில டஜன் உயிரிகளின் பட்டியல் சேர்ந்துவிட்டது. எந்தப் புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்பது தாளைப் பார்க்காமலேயே தெரியும் நிலை. எந்தப் பாக்டீரியாவானாலும் தவறாமல் வரும் சில துண்டுகள் இருந்தன, அவற்றை அவர் கண் தானாகவே தேடும்.

1976 ஜூன்

அதே வளாகத்தில் ரால்ஃப் வுல்ஃப் என்ற நுண்ணுயிரியலாளர் மீத்தேன் உருவாக்கும் உயிரிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். நம் ஊர் சாண எரிவாயுக் கலனில் வேலை செய்வதும், மாட்டின் முதல் வயிற்றில் இருந்துகொண்டு அதை ஏப்பம் விடவைப்பதும் இந்தக் கூட்டம்தான். காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டால் வளராது, ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் போட்டு வளர்க்க வேண்டும். வடிவத்தில் ஒன்று குச்சி, ஒன்று உருண்டை, ஒன்று பொட்டலம் பொட்டலமாக. எல்லாம் ஒரே வேதிவேலையைச் செய்கின்றன. ஒரே குடும்பமா, அல்லது சம்பந்தமில்லாதவை ஒரே தொழிலுக்கு வந்தவையா என்பது வுல்ஃபுக்குக் குழப்பம். வோஸிடம் கருவி இருக்கிறது, வுல்ஃபிடம் உயிரி இருக்கிறது.

இடையில் ஒரு தடை. மீத்தேன் உயிரி வளரும்போது வாயுவைத் தின்றுகொண்டே இருக்கும், அடிக்கடி குப்பியைத் திறந்து புதிதாக வாயு நிரப்ப வேண்டும். உள்ளே கதிரியக்க பாஸ்பரஸ் இருந்தால், திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆய்வகத்தையே கெடுக்கும் அபாயம். வுல்ஃபின் மாணவர் வில்லியம் பால்ச் இதற்கு ஒரு வழி செய்திருந்தார்: தடித்த ரப்பர் அடைப்பானை அலுமினிய மூடியால் இறுக்கிய குப்பிக்குள் அழுத்தத்தில் வாயுவை நிரப்பிவிடுவது, திறக்கவே வேண்டாம், தேவையானதை ஊசியால் செலுத்தினால் போதும். இந்தக் குப்பி விஷயம் பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு வரிகூட வராது. எனக்கென்னவோ இந்தக் கண்டுபிடிப்பின் தேதியைத் தீர்மானித்ததே அதுதான் என்று தோன்றுகிறது. வோஸின் பட்டியல் முறை பல வருஷமாகத் தயார், கேள்வியும் தயார். குப்பிதான் பாக்கி இருந்தது.

முதலில் எடுத்தது அர்பானா ஊர்ச் சாக்கடைக் கழிவிலிருந்து சில வருஷம் முன்னால் பிரித்தெடுத்த, 65 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நன்றாக வளரும் ஒரு மீத்தேன் உயிரி. பிலிம் வந்தது. வோஸ் தேடிய புள்ளிகளில் முக்கியமானவை இல்லை. தவறான ஆர்என்ஏவைப் பிரித்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மறுபடி வளர்த்து, மறுபடி பிரித்து, மறுபடி ஓட்டினார்கள். அதே கதை. பாக்டீரியாவுக்கான அடையாளங்களில் பல காணோம், உட்கரு உள்ள உயிர்களோடும் ஒட்டவில்லை. வோஸ் வுல்ஃபிடம் போய் இவை பாக்டீரியாவே இல்லை என்றார். வுல்ஃப், பார்த்தால் பாக்டீரியா மாதிரிதானே இருக்கிறது, கொஞ்சம் அமைதியாக இரும் என்று சொல்லிப் பார்த்தார். அந்த வருஷக் கடைசிக்குள் இன்னும் சில மீத்தேன் உயிரிகளின் பட்டியலும் வந்துவிட்டது. அவை ஒன்றோடொன்று உறவு, மற்ற எதனோடும் உறவில்லை.

முதல் பட்டியலிலேயே மீத்தேன் உயிரியை எடுத்திருந்தால் வோஸ் ஒன்றையும் கண்டிருக்க மாட்டார். எது வழக்கம் என்று தெரிந்தவருக்குத்தானே எது வழக்கமில்லை என்று படும். அந்தப் பல வருஷ "வீண் வேலை" அதற்குத்தான் போனது.

1977 நவம்பர் கட்டுரையில் 13 உயிர்களின் ஒப்பீட்டு அட்டவணை ஒன்று இருக்கிறது: ஈஸ்ட், பாசிமாதிரி மிதக்கும் ஒரு நீர்ச்செடி, எலிச் செல், ஈ.கோலை உள்ளிட்ட சில பாக்டீரியா, செடிச் செல்லில் ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகம் ஒன்று, நான்கு மீத்தேன் உயிரி. மூன்று கூட்டத்துக்கு இடையில் எந்த ஜோடியைப் பார்த்தாலும் எண் 0.1ஐ ஒட்டியே நிற்கிறது. ஒரு கூட்டத்துக்குள் பார்த்தால் கணிசமாக மேலே. சாணத்தில் இருக்கும் மீத்தேன் உயிரிக்கும் ஈ.கோலைக்கும் உள்ள தூரம், ஈ.கோலைக்கும் ஈஸ்டுக்கும் உள்ள தூரத்துக்குக் குறைவில்லை. அட்டவணை அவ்வளவுதான் சொல்கிறது. அவ்வளவு போதும்.

அறிவித்த விதமும் அடி வாங்கிய விதமும்

ஆய்வுக்குப் பணம் கொடுத்ததில் நாசாவும் உண்டு. கட்டுரை இதழில் எல்லார் கைக்கும் போகும் முன்பே பத்திரிகைக் குறிப்பு வெளியானது. நவம்பர் 3ம் தேதி நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி. மேஜைமேல் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருக்கும் வோஸின் படம் வேறு. சக விஞ்ஞானிகள் மூன்றாவது வகை உயிரைப் பற்றிக் காலைக் காபியோடு பேப்பரில் படித்தார்கள், அதுவும் அவர்களில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு ஆளிடமிருந்து.

நோபல் பரிசு பெற்ற சால்வடோர் லூரியா வுல்ஃபுக்குப் போன் போட்டு, இந்தக் கூத்திலிருந்து விலகிக்கொள், இல்லையென்றால் உன் பெயர் கெட்டுவிடும் என்று கண்டித்தார். கட்டுரை இதழில் இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்று வுல்ஃப் சொல்லிப் பார்த்தார். எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது என்று பின்னால் அவரே எழுதியிருக்கிறார். லூரியா படிக்காமலேயே தீர்ப்புச் சொன்னார் என்பது உண்மை. ஆனால் படித்திருந்தாலும் என்ன செய்திருப்பார்? பட்டியலைச் சரிபார்க்க வேண்டுமென்றால் அதே கருவிகளை நிறுவி, அதே கையும் கண்ணும் பழகியிருக்க வேண்டும். கனடாவின் ஹாலிஃபாக்ஸில் ஃபோர்ட் டூலிட்டிலின் ஆய்வகம் மாதிரி ஓரிரண்டு இடத்தைத் தவிர யாரிடமும் அது இல்லை, அங்கேயும் அந்த வித்தையைக் கொண்டுபோனவர் வோஸிடம் பழகிய லிண்டா போனன்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வோஸ் மாநாடுகளுக்கு அதிகம் போகமாட்டார், மேடைப் பேச்சில் ஆள் சுமார், கூச்சக்காரர். நுண்ணுயிரியலாளர்கள் கூட்டத்தில் அவர் யாருக்கும் பழக்கமில்லை. பழக்கமில்லாத முறை, பழக்கமில்லாத மனிதர், பேப்பரில் முதலில் வந்த செய்தி என்று மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் அவரை ஒதுக்கினார்கள் என்று கோபப்படுகிறவர்கள் இந்த மூன்றையும் கணக்கில் எடுப்பதில்லை. ஒதுக்கியது நியாயம் என்று சொல்லவில்லை, எதிர்பார்த்திருக்கக்கூடியது என்கிறேன்.

நிலைமையைத் திருப்பியது வோஸின் வாதம் இல்லை. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு மூலக்கூறு. மியூனிக்கில் ஓட்டோ கண்ட்லர் செல்சுவர்களை ஆராய்பவர். பாக்டீரியாவின் சுவரில் சாதாரணமாக இருக்கும் பெப்டிடோகிளைக்கான் என்ற வேதிப்பொருள் மீத்தேன் உயிரியிலும் உப்பு விரும்பிகளிலும் இல்லை என்று அவருக்கு ஏற்கனவே தெரியும், ஏன் என்றுதான் தெரியவில்லை. வோஸின் பிலிம் அந்த ஏனுக்குப் பதில். தாமஸ் லாங்வொர்த்தி போன்றவர்கள் இவற்றின் செல்சவ்வுக் கொழுப்பே வேறு மாதிரி என்றார்கள், பாக்டீரியாவிலும் நம்மிடமும் எஸ்டர் என்ற வேதிப்பிணைப்பு, இங்கே ஈதர் என்ற வேறு பிணைப்பு. வோல்ஃப்ராம் ஸிலிக், டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ எடுக்கும் நொதியைப் பிரித்துப் பார்த்து, அது பாக்டீரியாவைவிட உட்கரு உள்ள உயிர்களுடையதை ஒத்திருக்கிறது என்றார். 1978ல் உப்பளப் பாத்தியைச் செந்நிறமாக்கும் உப்பு விரும்பிகளும் அதே கூட்டம் என்று வோஸ் குழுவே காட்டியது, அப்புறம் வெந்நீர் ஊற்றுகளில் அமிலத்தில் வாழ்பவையும் சேர்ந்தன. 1981ல் கண்ட்லர் மியூனிக்கில் இவற்றுக்கென்றே ஒரு மாநாடு நடத்தினார். ஜெர்மனியில் கிடைத்த மரியாதை சொந்த நாட்டில் கிடைக்க இன்னும் பல வருஷம் ஆனது.

1989ல் ஜப்பானில் இவாபே குழுவும் அமெரிக்காவில் கோகார்ட்டன் குழுவும், ஆதியிலேயே இரட்டித்த மரபணுக்களை வைத்து உயிர்களின் வம்சாவளி மரத்தின் வேர் எங்கே என்று பார்த்தார்கள். வேர் பாக்டீரியாவின் பக்கம். ஆர்க்கியா நமக்கு நெருங்கிய சொந்தம். 1990ல் வோஸ், கண்ட்லர், மார்க் வீலிஸ் மூவரும் பாக்டீரியா, ஆர்க்கியா, யூக்கரியா (உட்கரு உள்ளவை) என்ற மூன்று பேரரங்கப் (டொமைன்) பெயர்களை முன்வைத்தார்கள். பரிணாமவியலின் பெரியவர் எர்ன்ஸ்ட் மாயர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, 1998ல் தொண்ணூறு தாண்டிய வயதில் இரண்டுதான் என்று கட்டுரை எழுதினார், வோஸ் சூடாகப் பதில் எழுதினார். அதற்கு இரண்டு வருஷம் முன்பே பெரும்பாலானவர்களுக்கு வழக்கு முடிந்திருந்தது. பசிபிக் கடலடியில் சுமார் 2,600 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் கக்கும் வெந்துவாரம் ஒன்றிலிருந்து எடுத்த மீத்தேன் உயிரியின் முழு மரபணுத் தொகுதி 1996ல் வெளியானது. 1,738 மரபணுக்கள், அதில் பாதிக்கு மேல் அன்று எங்கும் பார்த்திராதவை. படிப்பதற்கு யாருடைய கண்ணும் தேவையில்லை, கணினியில் யார் வேண்டுமானாலும் ஒப்பிடலாம். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது: ஆதாரம் எல்லாரும் படிக்கும் வடிவத்துக்கு வந்ததும் சண்டை ஓய்ந்தது.

பரிசுகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. 1984ல் மக்ஆர்தர், 1992ல் லீவன்ஹூக் பதக்கம், 2003ல் ஸ்வீடனின் கிராஃபோர்ட் பரிசு. நோபல் கிடைக்கவில்லை. 2012 டிசம்பர் 30ம் தேதி காலமானார், வயது 84.

16எஸ் பிறகு எங்கே போனது

வகைப்பாட்டுச் சண்டையில் மறந்துபோகும் ஒரு வேலை இருக்கிறது. 16எஸ்ஸின் முழு வரிசை கிடைத்த பிறகு, வோஸும் ரைபோசோம் ஆய்வாளர் ஹாரி நோலரும் அது எப்படி மடிந்திருக்கும் என்று கண்டுபிடிக்க இறங்கினார்கள். வழி எளிமையானது. ஒரு உயிரியில் ஓரிடத்தில் ஏ, எங்கோ தள்ளி யூ. இன்னொரு உயிரியில் முதல் இடம் ஜியாக மாறியிருக்கிறது, அந்தத் தள்ளியிருக்கும் இடமும் கூடவே சியாக மாறியிருக்கிறது. அப்படியென்றால் இரண்டும் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன, ஒன்று மாறினால் மற்றதும் மாறித்தான் ஆக வேண்டும். இப்படியே நூற்றுக்கணக்கான ஜோடிகளை, ஒரு படிகத்தைக்கூடப் பார்க்காமல், வரிசைகளை அருகருகே வைத்தே ஊகித்தார்கள். அந்த மாதிரியைப் பின்னால் ராபின் கட்டெல் போன்றவர்கள் மெருகேற்றினார்கள். 2000ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் குழு, 16எஸ் இருக்கும் அந்த ரைபோசோம் சிறுபகுதியின் அணு அளவிலான அமைப்பை எக்ஸ்ரே படிகவியலில் வெளியிட்டது. 2009ல் அவருக்கு நோபல் கொடுத்த வேலை அதுதான். அமைப்பையும் பழைய ஊகத்தையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது ஊகித்த ஜோடிகளில் 97 சதவீதம் அளவுக்குச் சரி. நான் ஓட்டுப் போடுவதென்றால் வோஸின் வேலைகளில் இதற்குத்தான் போடுவேன், ஆர்க்கியாகூட இதற்கு அடுத்துத்தான்.

நார்மன் பேஸ் என்ற நுண்ணுயிரியலாளர் அதே 16எஸ்ஸை வேறு திசைக்குக் கொண்டுபோனார். உயிரியை ஆய்வகத்தில் வளர்க்கவே வேண்டாம், மண்ணிலிருந்தோ வெந்நீர் ஊற்றிலிருந்தோ நேராக டிஎன்ஏவை எடுத்து 16எஸ் மரபணுவைப் படித்தால் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இன்று குடல் பாக்டீரியா பரிசோதனை என்று விளம்பரம் செய்கிறார்களே, அதில் பலவும் இந்த முறைதான். மரபணுவின் ஒரு பகுதியை மட்டும் பெருக்கிப் படிப்பதால் பேரினம்வரை நம்பலாம், அதற்குக் கீழே இனம், திரிபு என்று அடித்துச் சொல்கிறவர்களிடம் எப்படி என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்று என்ற எண்ணும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2015ல் நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே லோக்கியின் கோட்டை என்று அழைக்கப்படும் கடலடி வெந்துவாரப் பகுதி வண்டலிலிருந்து ஒரு ஆர்க்கியாக் கூட்டத்தின் மரபணுக்கள் கிடைத்தன. உட்கரு உள்ள செல்களுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்த பல புரதங்களுக்கான மரபணு அதில் இருந்தது. அதை வைத்து மரம் வரைந்தால் நாம் ஆர்க்கியாவுக்குப் பக்கத்துக் கிளை இல்லை, ஆர்க்கியாவுக்குள்ளிருந்தே முளைத்த கிளை. அப்படியானால் அடிப்படைப் பிரிவு மறுபடியும் இரண்டு, ஆனால் பழைய இரண்டு இல்லை. ஜப்பானில் இந்தக் கூட்டத்தின் ஒரு உறுப்பினரை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க 12 வருஷம் பிடித்தது, 2020ல்தான் கட்டுரை வந்தது; ஒருமுறை இரண்டாகப் பிரிய அதற்கு 14 முதல் 25 நாள் ஆகும், கூடவே மீத்தேன் உயிரி மாதிரி ஒரு துணை நுண்ணுயிரி இருந்தால்தான் வளர்கிறது.

அதே 2015ல் இன்னொரு அதிர்ச்சியும் வந்தது, வோஸின் மூலக்கூறுக்கே. நிலத்தடி நீரிலிருந்து மொத்த டிஎன்ஏவையும் படித்தபோது, அதுவரை பெரும்பாலும் கண்ணில் படாத மிகச் சிறிய பாக்டீரியாக்களின் பெருங்கூட்டம் ஒன்று தெரிந்தது. அவற்றில் பலவற்றின் 16எஸ் மரபணுவுக்குள் இடைச்செருகல்கள் இருக்கின்றன, வழக்கமான 16எஸ் சோதனையில் மரபணுவைப் பிடித்துப் பெருக்க உதவும் தொடக்கத் துண்டுகள் பலவற்றில் சரியாக ஒட்டாது. தெரிந்த வரிசைகளை வைத்துச் செய்த கொக்கி தெரியாததைப் பிடிக்கவில்லை. அதனால் சூழல் மாதிரிகளில் இப்போது 16எஸ்ஸை மட்டும் நம்பாமல் முழு டிஎன்ஏவையும் படிப்பது பெருகிவிட்டது. ஆனாலும் புதிதாக ஒரு பாக்டீரியாவுக்கோ ஆர்க்கியாவுக்கோ பெயர் வைக்கக் கட்டுரை அனுப்பினால், 16எஸ் வரிசை எங்கே என்று இதழ்க்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்.